இடது காதில் மயில்கழுத்து

எங்கள் பெரியப்பா ஜெகநாதன் ஆரணியில் இரண்டு பவர்லூம் ஓட்டுகிறார். அந்தச் சத்தத்துக்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம், தறியில் மிச்சமாகும் பட்டு நூலைத் திரித்து இரண்டு காதிலும் திணித்துக்கொள்வது. நான் கடையில் ரப்பர் அடைப்பான் வாங்கிக் கொடுத்தேன். "பட்டு இருக்க சொல்ல ரப்பர் எதுக்கு" என்றார். வறட்டு கௌரவத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

தை மாதம் பெரியம்மா அபிதகுசாம்பாளின் தம்பி துரை களம்பூரில் புது வீடு குடிபோனார். அக்காள் புருஷனை வாய் வார்த்தையாக அழைத்தால்தான் எங்கள் வழக்கத்தில் அது அழைப்பு. வெறும் பத்திரிகை செல்லாது. துரை அழைக்க வந்தபோது கரண்ட் இல்லை, தறி நின்றிருந்தது. பெரியப்பா வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனை வலது காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். துரை அவருக்கு இடப்பக்கம் நின்று மூன்று முறை அழைத்தார். பதில் இல்லை. பத்திரிகையை அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கோபமாகப் போய்விட்டார்.

"அவன் என்னைக் கூப்புடவே இல்ல" என்று பெரியப்பா அடம்பிடித்தார். "போனு ஒரு காதுல இருந்துச்சு. இன்னொரு காது சும்மாதான இருந்துச்சு?"

விசேஷத்துக்கும் போகவில்லை. ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் பெரியம்மா இளைத்தே போனாள். பெரியப்பாவோ, "எல்லாரும் வாய்க்குள்ளயே பேசிகினு இருக்கீங்க" என்று ஊரையே திட்டிக்கொண்டிருந்தார்.

ஆடியில் இடது காதில் சீழ் வந்தது. எண்ணெய் காய்ச்சி ஊற்றப்போன பெரியம்மாவைத் தடுத்து, இருவரையும் காது மூக்கு தொண்டை டாக்டர் சிவசங்கரியிடம் அழைத்துப் போனேன். டாக்டர் இடுக்கியை விட்டு இழுக்க இழுக்க நூல் வந்தது. கழுவி வைத்துவிட்டு, "எத்தினி நாளா இருக்கு?" என்றார்.

பெரியம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மயில்கழுத்து கலருங்க. பொங்கலுக்கு முந்தின வாரம் வேலூர் ஆர்டருக்கு நாலே சேலை போட்டோம். அதுக்கப்புறம் இந்த கலரு எங்க வீட்டுக்கே வரல. என் தம்பி வந்தது பொங்கல் கழிச்சி."

தான் நெய்த நிறத்தை இல்லையென்று சாதிக்கப் பெரியப்பாவாலும் முடியவில்லை. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா நூலைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டாள். களம்பூரில் துரை வாசலை மறித்து நின்றார். பெரியப்பா தலையைச் சொறிந்தார்.

"நீ தையில கூப்ட்டது இப்பதாண்டா காதுல விழுந்துச்சு. வந்துட்டேன்."

துரை பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். பிறகு சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கம் நின்று, மெதுவாக, "உள்ள வாங்க மாமா" என்றார்.

பெரியப்பா செருப்பைக் கழற்றினார். அதற்குள் பெரியம்மா அழுதுகொண்டே உள்ளே போய்விட்டிருந்தாள்.