அந்தப் பின் டயரில் பழுதே இல்லை

கண்டக்டர் செல்லமுத்து அண்ணன் மாரடைப்பில் இறந்துபோன செய்தியை, அவருடைய பஸ்ஸிலேயே புதிய கண்டக்டர் சொல்லித்தான் அறிந்தேன். முதலில் சிரித்துவிட்டேன். அந்தக் காலை பஸ்ஸில் வழக்கமாகப் புளுகுவது அண்ணனும் நானும்தான்.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு அவரோடு இறங்கியவர்களில், அன்று பஸ்ஸில் இல்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாதி மலையில், பழக்கடை வளைவில் விசில் ஊதி நிறுத்துவார். "பின் டயர்ல சத்தம் வருதுங்க, பாத்துட்டு வந்தர்றேன்" என்று இறங்குவார். நீங்களும் டயரைத் திட்டுவீர்கள். சத்தம் டயரில் இல்லை, என் வயிற்றில். எனக்குக் குடல் அழற்சி நோய். அவசரம் வந்தால் அடிவாரம்வரை தாங்காது. அவர் டயரைத் தட்டும் நேரத்தில் நான் கடைக்குப் பின்னாலிருந்த கழிவறைக்கு ஓடிவிட்டு வந்துவிடுவேன்.

ஒன்பதாம் வகுப்பில், நான் வெளிறிப்போய் நின்ற ஒரு நாள் அவராகவே கண்டுபிடித்த சாக்கு அது. "பழியத் தூக்கி டயர் மேல போட்டுரு சாமி. அது வாயத் தொறக்காது" என்றார்.

பிறகு டாக்டர் என்னை ஓர் ஆய்வில் சேர்த்தார். எல்லோர் குடலிலும் வைரஸ்கள் உண்டாம். பெரும்பாலானவை நம்மை விட்டுவிட்டு அங்குள்ள பாக்டீரியாவைத்தான் பிடிக்குமாம். என்னைப் போன்ற பிள்ளைகளிடம் அந்த வைரஸ் கூட்டம் மாறியிருக்கிறது. மாறியதால் நோயா, நோயால் மாறியதா என்று இன்னும் தெரியாது. அதைப் பார்க்க என் மலம் ஐஸ் பெட்டியில் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நான் எழ முடியாத நாட்களில் அண்ணனே கொண்டுபோய்க் கொடுத்தார். பெட்டிமேல் 'பலாப்பழ அல்வா' என்று எழுதி ஒட்டியது நான்.

கரடியூர்ப் பெரியவர் ஒருவர், "ஏனுங்க, ஒரு துண்டு குடுங்க" என்று கேட்டாராம்.

"டாக்டரூட்டு ஆர்டருங்க. தொறந்தா வாசம் தாங்காது" என்றாராம் அண்ணன், முகம் மாறாமல்.

ஐஸ் ஒருநாளும் உருகவில்லை. "அந்த ஆராய்ச்சில நம்ம பஸ்ஸும் இருக்குதுன்னு எழுதச் சொல்லு கண்ணு" என்பார். எழுத மாட்டார்கள். நான் எழுதிவிட்டேன்.

செய்தி கேட்ட அன்றும் அந்த வளைவு வந்தது. விசில் வரவில்லை. வயிறு முறுக்கியது. டயர் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பொய் அவருடையது, என்னால் சொல்ல முடியவில்லை. எழுந்து நின்று புதிய கண்டக்டரிடம் சொன்னேன்: "அண்ணா, நிறுத்துங்க. எனக்குக் குடல்ல நோவு. உடனே போகோணும்."

பஸ் நின்றது. காத்திருந்தது.

திரும்பி ஏறியதும் கரடியூர்ப் பெரியவர், "டயரு சரியாயிருச்சா கண்ணு?" என்றார்.

"இப்போதைக்கு ஓடுமுங்க."

இரண்டு வளைவு தாண்டி மெதுவாகக் கேட்டார்: "அப்ப, அந்த அல்வா?"

அண்ணன் இறந்த செய்தி வந்த அன்று அவருடைய பஸ் முழுக்கச் சிரித்தது. அவர் விட்டுப்போனதில் விசில் அவர் வீட்டாருக்கு. அந்த வளைவு எனக்கு.