தட்டாமல் வந்த சேதி

காஜா பேராங்கில் எங்கள் கம்பத்துக் குடியிருப்புக்குச் சேதி சொல்பவர் அவர். காக்கி அரைக்கால் சட்டை, தலையில் சிவப்புத் துண்டு. கூட்டமோ, ஊர் கூடிச் செய்யும் கோத்தோங் ரோயோங் வேலையோ, மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டிக்கொண்டு வருவார். சாவுச் சேதிக்கு மட்டும் தட்டமாட்டார். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பார்.

மெர்டேக்கா சுதந்திர நாளுக்குள் எங்கள் சந்தின் பள்ளங்களை மூடிவிட வேண்டும் என்று வாரக்கணக்கில் தட்டினார். ஆள் சேரவில்லை. ஒரு ஞாயிறு காலை சத்தமில்லாமல் வந்தார், கையில் துண்டு.

“யாரு வீட்டுலண்ணே?” என்றார் அப்பா.

“என் வீட்டுலதான் தம்பி. சம்சாரம். அந்தப் பள்ளத்த மூடிடலாமா? அந்த வழியாத்தானே தூக்கிட்டுப் போவணும்.”

வீட்டுக்கு வீடு மண்வெட்டியோடு வந்தார்கள். செம்மண் கொட்டிச் சமமாக்கினோம். அவர் வெறுங்காலோடு நடந்து பார்த்தார்.

“இனிமே குலுங்காது” என்றார். எங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை.