உடையாத துண்டு

மாலை ரயிலில் என் எதிரே அமரும் உலோக ஆராய்ச்சிப் பெண்மணி, கரி படிந்த விரல்களைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடியே கதைப்பார். ஐந்து உலோகங்களை உருக்கிச் செய்த தன் கலவை, வருஷக்கணக்காகச் சூட்டில் கிடந்தாலும் உள்ளே தனித்தனியாகப் பிரியாது என்று கணித்திருந்தார். கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள்.

ஒருநாள் வளைந்த துண்டொன்றை எடுத்துக் காட்டினார்.

"இவ்வளவு வருஷமும் உலையில கிடந்தது. சுத்தியலால அடிச்சன். வளைஞ்சுதே தவிர வெடிக்கேல்லை. பிரிஞ்சிருந்தா நொறுங்கியிருக்கும்!"

வெள்ளவத்தை ஸ்டேஷன் வாசலில் சோதனைக்கு நின்ற சிப்பாய், அவர் பையிலிருந்து அதை எடுத்துச் சந்தேகமாகப் பார்த்தான்.

"முடிந்தால் உடை, மல்லி," என்று அவனைத் தம்பி முறையில் அழைத்துச் சிங்களத்தில் சவால் விட்டார்.

துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டு இரண்டு கையாலும் முறுக்கினான். முகம் சிவந்ததுதான் மிச்சம். சிரித்தபடி திருப்பிக் கொடுத்தவன், எங்கள் அடையாள அட்டைகளைக் கேட்கவே மறந்துபோனான்.