மசக்கைக்குக் கேட்ட பீடி

பீடி குடிக்கிறவள் என்று என்னை யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன், எனக்கு அப்படி ஒரு வாய். ஆனால் உண்மை அதுதான். தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணம் ஆகிக் கேரளத்து மலையில் பொன்முடித் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன். கொழுந்து பறிக்கப் போன முதல் மழைக்காலத்திலேயே பீடியைப் பழகிவிட்டேன்.

எல்லாம் அட்டையில் தொடங்கியது. மழையில் தேயிலைக்குள் இறங்கினால் கால் முழுக்க அட்டை ஏறும். பிய்த்தால் வராது, பீடி நெருப்பைக் காட்டினால் சுருண்டு விழும். நெருப்பு அணையாமல் இருக்க இரண்டு இழுப்பு இழுக்க வேண்டும். இழுத்தால் குளிர் தெரியாது. அதோடு நிறுத்தியிருக்கலாம் இல்லையா? வெயில் காலத்தில் அட்டையும் இல்லை, குளிரும் இல்லை, நான் மட்டும் இழுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

லயத்தில், நாங்கள் இருந்த வரிசை வீடுகளில், வயதான பெண்கள் வாசலில் உட்கார்ந்தே குடிப்பார்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இளசுகள் குடித்தால் மட்டும் பேச்சாகிவிடும். அதனால் கடைக்குப் போய்ப் பீடி கேட்க என்னால் முடியாது. எனக்கும் சேர்த்து வாங்கி வந்தது பக்கத்து வீட்டு அக்கா. சொந்த அக்கா இல்லை, லயத்தில் எனக்குக் கிடைத்த அக்கா. புருஷன் செத்துப் போனவள், பயம் என்ற ஒன்று அறியாதவள். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையையே "ஏலேய்" என்று கூப்பிடுவாள். அவளுக்கு ஒரே மகள், பதினாலு பதினைந்து வயது இருக்கும். அந்தப் பெண்ணுக்குக் காது கேட்காது. சின்ன வயதில் இரண்டு காதிலும் சீழ் வடிந்து வடிந்து, ஒரு நாள் பார்த்தால் கூப்பிட்டாலும் திரும்பவில்லையாம். எப்போதும் சிரித்த முகம் அவளுக்கு.

என் முதல் பிள்ளை மாதம் நிறையாமல் பிறந்து, அழாமலே போய்விட்டது. எழுபதுகளின் கடைசியில் இரண்டாவது உண்டானபோது, இது நிற்க வேண்டும், இது அழ வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே எனக்கு இல்லை. வேண்டாத சாமி இல்லை. ஆனால் சாமி கும்பிட்ட கையாலேயே பீடியும் பற்றவைத்தேன். வாந்தி எடுத்துவிட்டு வந்து பற்றவைப்பேன். மற்றவர்களுக்கெல்லாம் மசக்கையில் புகை நாற்றமே ஆகாதாம், எனக்கு நேர்மாறு. கஞ்சி இறங்காது, பீடி இறங்கும்.

அக்கா அதைத் தப்பாகவே நினைக்கவில்லை. மாங்காய் கேட்கிறவளுக்கு மாங்காய், சாம்பல் கேட்கிறவளுக்குச் சாம்பல், இவளுக்குப் பீடி, அவ்வளவுதான். "மசக்கக்காரி வாய்விட்டுக் கேட்டு இல்லன்னு சொல்லப்படாதுட்டி, பொறக்குற பிள்ளைக்குக் காது ஒழுகும்" என்பாள். எங்கள் ஊரிலும் அப்படித்தான் சொல்வார்கள், இங்கேயும் சொல்வார்கள். ஆனால் அக்காவுக்கு அது சொலவடை இல்லை. மகள் வயிற்றில் இருந்தபோது அவள் பலாச்சுளை கேட்டிருக்கிறாள். மாமியார் கண்முன்னாலேயே அறுத்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, "தின்னா சூடு" என்று இவளுக்கு மட்டும் இல்லை என்றாளாம். மகளின் காது அதனால்தான் போயிற்று என்று அக்கா நம்பினாள். அதனால் நான் கேட்காமலேயே பீடி வந்தது. நானும், "மசக்கைக்கா, என்ன செய்ய" என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

மலையடிவாரத்து வித்துராவிலிருந்து வாரம் ஒரு தடவை நர்ஸ் சிஸ்டர் ஒருத்தி தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வருவாள். மலையாளத்துப் பெண், எங்களோடு பழகிப் பழகித் தமிழும் பேசுவாள். என் விரல் நுனியைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பீடியோ? ஐயோ மோளே, நிறுத்தணும் கேட்டோ. நீ இழுத்தால் குட்டிக்கு சுவாசம் குறையும். எடை கூடாது."

"அப்ப மொதப் பிள்ளைக்கும் இதுதானா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

அவள் பொய் சொல்லவில்லை. "எனக்கறியில்ல. ஆகலாம், அல்லாமலும் இருக்கலாம். இப்ப உள்ளதை நோக்கு" என்றாள்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அழுது முடித்ததும் ஒன்று பற்றவைத்தேன். நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

அடுத்த வாரம் சிஸ்டர், "நிறுத்தியோ?" என்று கேட்டாள். "நிறுத்திட்டேன்" என்றேன். சட்டென்று வந்த பொய். அவள் அதோடு விட்டிருக்கலாம். அங்கே மருந்துக்கு நின்ற எல்லாப் பெண்களையும் கூப்பிட்டு, என் தோளில் கை வைத்து, "இவளை நோக்கு, குட்டிக்கு வேண்டி ஒரே வாரத்தில் நிறுத்திட்டு. நல்ல அம்மா" என்றாள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அக்காவும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். தரை பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

திரும்பும்போது வளைவு தாண்டியதும் அக்கா சிரித்துச் சிரித்து உட்கார்ந்தே விட்டாள். "அடிப்பாவி, என்னா நடிப்பு! சினிமாவுக்குப் போயிருக்கலாம்லா நீ" என்றாள். பிறகு வழக்கம்போல மடியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். வாங்கினேன். ஆமாம், அந்தப் பீடியையும் வாங்கினேன். நல்ல அம்மா! பாதி குடித்திருப்பேன், வயிற்றுக்குள் பிள்ளை அசைந்தது. அதுதான் முதல் அசைவு. சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கோ வாய்க்குள் இருந்த புகையை வெளியே விடக்கூடத் தெரியவில்லை, உள்ளேயும் விடத் துணியவில்லை. இருமி இருமிக் கண்ணெல்லாம் நீர்.

"எக்கா, நான் செத்தாலும் பரவால்ல, இது பொழைக்கணும்" என்றேன்.

அடுத்த முறை சிஸ்டர் வந்தபோது எல்லோரும் போகும்வரை வெளியே நின்றேன். உள்ளே போய், "நான் சொன்னது பொய்" என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் திட்டவில்லை. "நிறைய பேரு பொய்யுதான் பறையும். நீ திரும்பி வந்தல்லோ" என்றாள். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஆரு பீடி தருது? அவளைக் கூட்டிட்டு வா."

அக்காவைக் கூட்டிப் போனேன். சிஸ்டர் அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: இவள் தனியாக நிறுத்த மாட்டாள், நீ வாங்கக் கூடாது, உன் மடியிலும் இருக்கக் கூடாது, இவள் அழுதாலும் காலில் விழுந்தாலும் கொடுக்கக் கூடாது. கை பரபரத்தால் வாயில் கிராம்போ உப்பு நெல்லிக்காயோ அடக்கிக்கொள்ளட்டும். பீடி குடிக்கிற இடத்தில் இவளை நிற்க விடாதே.

அக்காவின் முகம் இருண்டுவிட்டது. பயம் அறியாதவள் என்று சொன்னேனே, அன்றுதான் அவள் பயந்து பார்த்தேன். "காது?" என்றாள். சிஸ்டருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "அப்படி ஒன்றுமில்ல, அது நம்ம ஆட்கள் பறையிறது" என்றாள். அக்கா தலையை ஆட்டினாள், நம்பவில்லை. இருந்தாலும் அன்று சாயங்காலமே மடியிலிருந்த பீடிக்கட்டை அடுப்பில் போட்டுவிட்டாள். இத்தனை வருஷமாகக் குடித்தவள் எனக்காக அவளும் விட்டாள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று அவளே சொல்லிக்கொண்டாள். மழையில் அவள் கால் இரண்டும் அட்டை கடித்து ரத்தமாக இருக்கும். காலில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு போவாள். தினமும் காலையில் என் வாசலில் ஒரு கிண்ணத்தில் உப்பு நெல்லிக்காய் இருக்கும்.

நான் எப்படி இருந்தேன் தெரியுமா? பேயாக இருந்தேன். கஞ்சிச் சட்டியை எறிந்தேன், தேயிலை ஃபாக்டரியிலிருந்து அலுத்து வரும் புருஷனை வாயில் வந்தபடி பேசினேன். ஒரு நாள் பஸ் நிற்கும் வளைவில் யாரோ எறிந்த துண்டு பீடி புகைந்துகொண்டு கிடந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தேன். வயிறு தடுத்தது. வயிறுதான் தடுத்தது, மானம் இல்லை. ஆசை வெட்கம் அறியாது என்பதைப் பிறத்தியாருக்குத்தான் சொல்வார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

எட்டாம் மாதத்தில் ஒரு மழை நாள். எனக்கு வேலை இல்லை, வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து பைத்தியம் பிடித்திருந்தது. சாயங்காலம் அக்கா கூடையோடு வந்து சேர்ந்ததும் போய் நின்றேன். ஒன்றே ஒன்று, இந்த ஒரு தடவை, யாரிடமாவது வாங்கிக் கொடு என்றேன். மாட்டேன் என்றாள். கெஞ்சினேன். "எட்டி, சொன்னாக் கேளு, உள்ள போ" என்றாள். அப்போதுதான் என் வாயில் அது வந்தது.

வாசலில் அவள் மகள் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அவளைக் கையால் காட்டி, "நான் வாய்விட்டுக் கேட்டாச்சு. நீ இல்லன்னு சொல்லியாச்சு. எம்பிள்ளையும் இவள மாதிரி செவிடாப் போனா அந்தப் பழி ஒனக்குத்தான்" என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது கேட்கவில்லை. என் கை தன்னைக் காட்டுவதைப் பார்த்து, கூப்பிடுகிறேன் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே எழுந்து வந்து எனக்கு ஒரு பலகையை எடுத்துப் போட்டாள். உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

அக்கா கூடையை இறக்கக்கூட இல்லை. மழைத்தண்ணீர் அவள் முகத்தில் வழிந்தது, அழுகையும் அதில் இருந்திருக்கும். "சொல்லிட்டேல்லா. சரி. அந்தப் பழி எனக்கே இருக்கட்டும். தரமாட்டேன்" என்றாள்.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று என் அம்மா என்னைத் திட்டாத நாளில்லை. அன்று கொட்டினதை இன்றுவரை என்னால் அள்ள முடியவில்லை. மறுநாள் காலையில் அக்கா என்னோடு பேசவில்லை. ஆனால் கிண்ணம் வாசலில் இருந்தது. அந்த நெல்லிக்காயை எந்த முகத்தோடு எடுப்பது என்று வெகுநேரம் நின்றேன். கடைசியில் எடுத்துத்தான் தின்றேன். அதற்குப் பிறகு பீடி கேட்டு நான் வாயைத் திறக்கவில்லை.

தோட்டத்து ஜீப்பில் வளைவு வளைவாக இறங்கி வித்துரா ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தேன். பெண் பிறந்தாள். பிறந்ததும் அழுதாள். அடேயப்பா, என்ன அழுகை! அந்த அழுகையைக் கேட்டு நான் சிரிக்கிறேன், அழுகிறேன், ஆயா என்னை அதட்டுகிறாள். கொஞ்சம் ஒல்லி, ஆனால் குறை இல்லை என்றார்கள்.

அடுத்த நாள் அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்து வந்தாள். வருகிறவர்கள் எல்லாம் முகத்தைப் பார்த்து அப்பா ஜாடை, அம்மா ஜாடை என்பார்கள். அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையை ஜன்னல் பக்கம் தூக்கிக்கொண்டு போய், வெளிச்சத்தில் ஒரு காதை விரித்துப் பார்த்தாள், பிறகு அடுத்த காதை. மூக்கை வைத்து மோந்தும் பார்த்தாள். பிறகு என்னிடம் கொடுத்தாள். நான் சேலையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

லயத்துக்கு வந்த பிறகும் அப்படித்தான். பழையபடி பேச ஆரம்பித்துவிட்டாள், ஏசவும் செய்தாள். ஆனால் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பிள்ளையின் காதைத் தொட்டு, விரலை மோந்துவிட்டுத்தான் போவாள். சளி பிடித்தால் அவளுக்குத் தூக்கம் போய்விடும். மன்னித்துக்கொள் என்று சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன். திட்டுவதற்கு என்றால் அருவி மாதிரி கொட்டுகிற வாய், இதற்கு மட்டும் ஒட்டிக்கொண்டது. "கஞ்சி குடிச்சியாக்கா?" என்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன்.

பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மண்ணை அள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள். அக்கா தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் மறைந்து நின்றுகொண்டு, மெதுவாக, கிட்டத்தட்ட ரகசியம் பேசுகிற குரலில், "மக்ளே" என்றாள். பிள்ளை திரும்பினாள். யாரும் தெரியவில்லை, மறுபடியும் மண்ணுக்குத் திரும்பினாள். இன்னும் மெதுவாக, "மக்ளே" என்றாள். பிள்ளை எழுந்து அந்தக் கதவைப் பார்த்துத் தத்தித் தத்திப் போனாள்.

அக்கா கதவோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். பிள்ளையின் இரண்டு காதையும் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, என்னைப் பார்த்து அழுதுகொண்டே கேட்டாள்.

"ஒம்பிள்ளைக்குக் காது கேக்குட்டி. இனி எம்மேல பழி இல்லல்லா?"