யூக்காலியைக் கொல்லப் போன கதை

கேரளத்துப் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு யூக்காலி மரம் நின்றது. தமிழ்நாட்டில் தைலமரம் என்பார்களே, அதுதான். ஃபாக்டரியில் தேயிலை உலர்த்த விறகு வேண்டுமென்று துரைமார் காலத்தில் சரிவு முழுக்க நட்டதில் ஒன்று. அதைக் கொன்றுவிடுவதென்று நாலாம் வகுப்பில் நான் முடிவெடுத்தேன்.

டீச்சரைக் குறை சொல்ல முடியாது. யூக்காலி இந்த மண்ணின் மரமல்ல, வெளியிலிருந்து வந்தது, நம் தண்ணீரையெல்லாம் உறிஞ்சிவிடும் என்று பாடத்தில் இருந்ததைத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. லயத்து ஊற்று வற்றிப்போய், அம்மா கொழுந்து கிள்ளிவிட்டு வந்த கையோடு இரண்டு குடங்களுடன் ஆற்றுக்கு இறங்கிக்கொண்டிருந்த கோடை அது. ஏறி வரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று வருவாள். பார்க்கவே பாவமாக இருக்கும்.

பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். பள்ளி விட்டு வந்ததும் தினமும் உரித்தேன். கையை வைத்தாலே நீள நீளமாகக் கழன்று வந்தது. என் பலத்தை நானே மெச்சிக்கொண்டேன். வருடா வருடம் அந்த மரம் தானாகவே பட்டையை உதிர்த்ததை நான் கவனித்ததே இல்லை. அம்மாவோ அடுப்புக்கு ஆயிற்று என்று உரித்ததையெல்லாம் சந்தோஷமாக அள்ளிக்கொண்டு போனாள். மரம் குளித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி வழுவழுவென்று நின்றது.

அப்படி ஒரு சாயங்காலம் நான் உரித்துக்கொண்டிருக்கும்போது அப்பா வந்தார். எனக்கு ஜாதி சர்டிபிகேட் வாங்க மலையிறங்கிப் போயிருந்தவர். அவருடைய தாத்தாவைத் திருநெல்வேலிப் பக்கமிருந்து தேயிலை வேலைக்குக் கூட்டி வந்திருந்தார்கள். நாங்கள் இந்த ஊர்க்காரர்கள்தான் என்பதற்குக் காகிதம் கேட்டு, மூன்றாவது முறையாக அவரைத் திருப்பி அனுப்பியிருந்தது ஆபீஸ். என்ன செய்கிறாய் என்று கேட்டார். டீச்சர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன்.

அப்பா மரத்தைத் தடவிப் பார்த்தார்.

“அதுவாவா வந்துச்சு மோளே? கொண்டாந்துல்லா நட்டாங்க.”

நான் விடவில்லை. “ஆரு நட்டா என்ன? அது ஊருக்கு அது போவட்டும்.”

இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அதையும் வாங்கவில்லை.

அப்பாவையே பதில் பேச முடியாமல் மடக்கிவிட்டேன் என்று எனக்கு அன்று முழுக்க ஒரே பெருமை.