மடவார் வளாகத்தில் எல்லோருக்கும் வெள்ளை நாக்கு

பரிபூரணத்திடம் யார் நின்று பேசினாலும் அவள் கண் அவர்கள் வாய்க்குள்ளேதான் இருக்கும். கீரைக்காரி, கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், சர்ச்சில் காணிக்கைப் பை நீட்டுகிறவர், யாரும் தப்பியதில்லை. "நாக்கைச் செத்த நீட்டுங்க" என்பாள். ராஜபாளையத்தில் அவள் குடியிருக்கும் தெருவில் பாதிப் பேர், அவளைக் கண்டதும் கேட்காமலே நாக்கை நீட்டிவிட்டுப் போகிற பழக்கத்துக்கு வந்துவிட்டார்கள். புதிதாகக் குடிவந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இந்த அம்மாவோடு தெருவுக்கே என்ன பகை என்று விசாரித்ததாகக் கேள்வி.

வயது நாற்பத்தெட்டு. சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே துணி சுருட்டியவள். சம்பளத்தோடு சேர்ந்து அவளுக்கு ஒற்றைத் தலைவலியும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. வந்தால் நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இருட்டு அறையில் கிடப்பாள். அந்தத் துணிக்கு மட்டும் அவளுக்குப் பஞ்சமே இல்லை. கூட வேலைபார்த்த பாண்டிசெல்விதான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே சுமையா என்று ஒரு அக்குபஞ்சர் வைத்தியர். பரிபூரணத்தின் மூத்த மகள் வயதுதான் இருக்கும். இரண்டு கையையும் பிடித்து மூன்று விரலால் நாடி பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஓர் ஊசி, பாதத்தில் ஓர் ஊசி. தலைமுடி மாதிரி மெல்லிசு.

"வலி தலையிலல்ல இருக்கு? நீங்க காலைப் போய்க் குத்துறீங்களே?"

"லைட் எரியலைன்னா பல்பையாக்கா தட்டுவீங்க? சுவிட்சு செவத்துலதானே இருக்கு."

தலைவலி அன்றைக்கே பறந்துபோய்விட்டது என்றெல்லாம் பரிபூரணம் சொல்லமாட்டாள். சில வாரம் போய்வந்தாள். பிறகு ஒரு திங்கட்கிழமை, நேற்று வரவேண்டிய வலி வரவில்லையே என்று நினைவு வந்தது. காணாமல் போன பொருளைத் தேடுகிற மாதிரி நெற்றியைத் தடவிப் பார்த்தாள். அவ்வளவுதான். மகள்கள் இருவரையும் கட்டிக்கொடுத்தாயிற்று, இனி சனிக்கிழமை என்னுடையது என்று வீட்டில் அறிவித்துவிட்டு, அதே சுமையாவிடம் பாடம் படிக்கப் போனாள். ஊசி பழகுவதற்குக் கம்பெனிப் பஞ்சு உருண்டை, அது அலுத்தால் சாத்துக்குடி. "இந்த வருசம் சாத்துக்குடியில சாறே இல்ல" என்று பல மாதம் புலம்பிய பிறகுதான் அவள் கணவர் எட்வின் பழத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

எட்வின் பஞ்சு மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருக்கு அவள் சீன வைத்தியத்தைப் பைப் லைனாகத்தான் விளக்கினாள்.

"உடம்புக்குள்ள ஒரு சக்தி ஓடிக்கிட்டே இருக்குங்க. முக்கியமா பன்னெண்டு லைன். ஒவ்வொன்னும் ஒரு உறுப்போட சேந்தது. எங்கயாச்சும் அடைச்சுக்கிட்டா அங்கதான் வலி."

"வால்வு எங்க இருக்கு?"

"அந்த வால்வுலதான் ஊசி போடுதோம்."

"லைனைத் தோண்டிப் பாத்தவன் எவனாச்சும் உண்டா?"

"அறுத்துப் பாத்தா தெரியாதாம்."

எட்வின் யோசித்தார். "எங்க மில்லுல பழைய லைனும் அப்படித்தான். எங்க போவுதுன்னு எவனுக்கும் தெரியாது. தண்ணி மட்டும் வந்துரும்."

அந்த அளவுக்கு அவர் நம்பினார். ஊசி என்றால் மட்டும் எழுந்து போய்விடுவார். அடுப்படியில் அவள் ஒட்டியிருந்த உறுப்புக் கடிகாரப் படத்தோடும் அவருக்குச் சமாதானம் இல்லை. ஒவ்வோர் உறுப்புக்கும் இரண்டு மணி நேரம். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை இரைப்பையின் நேரம், அதற்குள் கேட்டால் இட்லி உண்டு. ஒன்பதரைக்குப் போய் நின்றால், "இது மண்ணீரல் நேரம். அது வேலை பாக்கையில போய் ஏன் தொந்தரவு பண்ணுதீய?" என்பாள்.

சண்டை முன்னறையில்தான் வந்தது. பட்டயம் கையில் வந்ததும் பரிபூரணம் அங்கே ஒரு கட்டில் போட்டு, வாசலில் போர்டும் மாட்டினாள். எட்வினுக்கு அந்த அறையில் இட்லி மாவுக் கடை போடவேண்டும். ஓய்வுபெற்ற நாளிலிருந்து அதே கனவு. கோயம்புத்தூரில் பெரிய டில்டிங் கிரைண்டருக்குச் சொல்லியும் வைத்துவிட்டார். கடைசியில் இருவரும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். கிரைண்டர் வந்து இறங்குவதற்குள், வெளி ஆள் ஒருத்தராவது அந்தக் கட்டிலில் படுத்து ஊசி போட்டுக்கொண்டால் அறை அவளுக்கு. இல்லாவிட்டால் கிரைண்டருக்கு.

நாக்கு காட்ட ஆள் வந்தது. ஊசிக்குத்தான் ஒருவரும் இல்லை. "குத்தாம, கையாலயே செத்த அமுக்கி விடேன்" என்பார்கள். எதிர்வீட்டு அழகுத்தாய் தினமும் மத்தியானம் வந்து கட்டிலில் படுப்பாள். ஆனால் அவள் வந்தது ஃபேனுக்காக. ஊசிப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவாள்.

திங்கட்கிழமை கிரைண்டர் வருகிறது என்று போன் வந்தது. பரிபூரணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் பாண்டிசெல்வியைக் கூப்பிட்டு அழாத குறையாகச் சொன்னாள். "அதுக்கு ஏன்க்கா கண்ணைக் கசக்குதீய? இங்க வாங்க, சனிக்கிழமை முகாம் போடுவோம்" என்றாள் பாண்டிசெல்வி. "ஊர்ல ஒருத்தருக்காச்சும் தைரியம் இல்லாமலா போயிரும்?"

பாண்டிசெல்வியின் வீடு மடவார் வளாகத்தில், வைத்தியநாத சுவாமி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில். அவள் கணவன் காளிராஜ் பால்கோவாக் கடைக்காரன். சட்டியில் பாலைக் கிண்டிக் கிண்டி உருண்ட தோள், அதற்கு மேலே எப்போதும் சிரிக்கிற முகம். தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தான். சனிக்கிழமை காலை பரிபூரணம் பின்வாசல் வழியாக வந்து நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபோதே முன்வாசலில் கூட்டம். எட்வினும் வந்திருந்தார். பை தூக்க வந்தேன் என்றார். உளவு பார்க்க வந்தார் என்பது அவளுக்குத் தெரியும்.

முதலில் காய்கறிக் கடை வேல்சாமி. நாக்கை நீட்டினார். நுனி இதயம், ஓரம் ஈரல், நடு வயிறும் மண்ணீரலும், அடி சிறுநீரகம் என்று மனசுக்குள் படத்தை விரித்தபடி குனிந்து பார்த்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாக்கின் நடுவில் வெள்ளையாக, தடிப்பாக, கொழகொழவென்று ஒரு படிவு. பாடத்தில் படித்தது அப்படியே! மண்ணீரல் சோர்ந்தால் உடம்பில் ஈரம் சேரும், ஈரம் சேர்ந்தால் நாக்கில் வெள்ளை படியும். பாலும் இனிப்பும் ஆகாது.

அடுத்தவர் நாக்கும் வெள்ளை. அதற்கடுத்த அம்மாவுக்கும், அவள் மருமகளுக்கும், மருமகளின் தம்பிக்கும் வெள்ளை. இத்தனை நாள் புத்தகத்தில் தேடியது இப்படி வரிசையில் வந்து நிற்கிறதே! பிளவக்கல் அணைத் தண்ணீராக இருக்குமோ? மலைக்காற்றாக இருக்குமோ? கண்ணாடியைத் துடைத்து மாட்டினாள். வெள்ளைதான். சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. இந்தத் தெருவுக்கே உடம்புல ஈரம். எல்லாருக்கும் மண்ணீரல் சோந்து கெடக்கு. இன்னையில இருந்து பாலை நிப்பாட்டுங்க. பால்கோவா வாயிலயே படக்கூடாது!"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்துக்கிட்டு பால்கோவா திங்கக்கூடாதா?"

"சம்பந்திக்கு என்னத்தக் கொடுத்து அனுப்ப? மொளகாப்பொடியா?"

"ஏ காளிராசு, ஒன் வீட்டுல ஒக்கார வச்சு ஒன் கடையையே மூடச் சொல்லுதாங்கப்பா!"

எட்வின் மூலையில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கினார். பரிபூரணம் விடவில்லை. ஆதாரத்துக்கு ஆள் வேண்டுமென்று எல்லோர் முன்னாலும் சுமையாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"மேடம், ஒரு தெரு முழுக்க வெள்ளை நாக்கு!"

"ஒரு தெருவுக்கே ஒரே நாக்கு இருக்காதேக்கா," என்றது போன். "வர்றதுக்கு முன்னால என்ன சாப்பிட்டாங்கன்னு கேட்டீங்களா?"

பரிபூரணம் மெல்லத் திரும்பி முன்வாசலைப் பார்த்தாள். அங்கே காளிராஜ் நின்றிருந்தான். கையில் பெரிய தட்டு. தட்டில் சுடச்சுடப் பால்கோவா. உள்ளே வருகிற ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு கரண்டி வைத்து, வாயில் போட்டதும்தான் வழிவிட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி பண்ணுதீய?" என்றாள்.

"நம்ம வீட்டு விசேசத்துக்கு வாராவ. வெறும் வாயோட எப்படிக்கா உள்ள விட?"

முதலில் போனுக்குள் சுமையா சிரித்தாள். அதைக் கேட்டு வேல்சாமி சிரித்தார். பிறகு யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை, கூடமே தன்னால் சிரித்தது. ஒரு அம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டாள். பரிபூரணத்துக்கு முதலில் காது சூடாயிற்று, பிறகு வயிறு குலுங்கிற்று, கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் கண்ணைத் துடைத்தாள். எல்லோரையும்விடப் பெரிய சிரிப்பு காளிராஜுடையது. தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தவனுக்குச் சட்டென்று விக்கல் பிடித்துக்கொண்டது.

தண்ணீர் கொடுத்தார்கள். நிற்கவில்லை. மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தான், மூச்சுக்குள்ளேயே விக்கினான். "யாரோ கடன்காரன் நெனைக்கான்" என்றார் வேல்சாமி. பாண்டிசெல்வி முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். விக்கலோடு "ஏட்டி!" என்று அலறலும் சேர்ந்துகொண்டது. செத்த நேரத்தில் அவன் முகத்தில் சிரிப்பு போய்க் கலக்கம் வந்தது.

"அக்கா, அந்த ஊசியப் போடுங்க," என்றாள் பாண்டிசெல்வி.

"ஊசியா? விக்! வேண்டாம்! விக்!"

"நீங்க அந்தப் பக்கம் பாருங்க தம்பி," என்றாள் பரிபூரணம். குரல் மாறியிருந்தது. கம்பெனி மெஷின் முன்னால் நின்றபோதெல்லாம் அவளுக்கு வந்த குரல் அது. கையைக் கழுவினாள். அவன் உள்ளங்கையை மேலே திருப்பி, மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரற்கடை மேலே, கயிறு மாதிரி ஓடும் இரண்டு தசைநாருக்கு நடுவே விரலால் தடவினாள். சீனத்தில் அந்த இடத்துக்கு உள்வாசல் என்று பெயர். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியை உறையிலிருந்து எடுத்தாள், வைத்தாள்.

"எப்ப குத்துவீய? விக்! சொல்லிட்டுக் குத்துங்க!"

"குத்தி முடிஞ்சுட்டு."

காளிராஜ் திரும்பித் தன் கையைப் பார்த்தான். கையில் ஊசி நின்றது. வாய் திறந்தபடி இருந்தான். எல்லோரும் அவன் தொண்டையையே பார்த்தார்கள். ஒரு விக்கல் வந்தது, பாதியில் திரும்பிப் போயிற்று. அப்புறம் வரவில்லை.

"ஊசியிலயா நின்னுச்சு, பயத்துலயா?" என்றார் எட்வின்.

பரிபூரணம் ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அமுக்கினாள். "நெசமாச் சொல்லணும்னா எனக்குத் தெரியலை. தானாவும் நின்னுருக்கலாம்."

"எதுல நின்னா என்ன? இந்த மனுசன் வாய் செத்த நேரம் மூடிச்சே!" என்றாள் பாண்டிசெல்வி.

அப்புறமும் ஊசிக்கு வரிசை ஒன்றும் கட்டிவிடவில்லை. ஆளாளுக்கு இன்னொரு கரண்டி பால்கோவாவோடு வீட்டுக்குப் போனார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது பரிபூரணம் கேட்டாள்: "இது கணக்குல சேருமா?"

"பேச்சு என்ன? நம்ம ரூம், நம்ம கட்டில். இவன் நாற்காலியிலல்ல இருந்தான்," என்றார் எட்வின். பின்னால் பை தூக்கி வந்த காளிராஜ் காதில் அது விழுந்தது.

திங்கட்கிழமை காலை அவன் ராஜபாளையத்தில் அவள் வாசலில் நின்றான். கையில் பால்கோவாப் பொட்டலம். "தோள் தூக்க முடியலக்கா. கிண்டிக் கிண்டி வருசமாச்சு. அன்னைக்கு ஊசி வலிக்கவே இல்ல பாத்தீயளா, அதான் வந்தேன். கட்டில் எங்க?"

பொட்டலத்தை எட்வினிடம் கொடுத்துவிட்டுப் படுத்தான். எப்போதிலிருந்து வலி, ஆஸ்பத்திரியில் காட்டினீர்களா, சுகர் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, கணைக்கால் எலும்புக்கு வெளிப்பக்கம் ஊசியை வைத்தாள். "காலை அசைக்காதீங்க. படுத்த மேனிக்கே கையை மட்டும் மெல்லச் சுத்துங்க. சட்டியில கிண்டுதீயள்ல, அது மாதிரி."

அவன் கூரையைப் பார்த்துக் கிண்ட ஆரம்பித்தபோதுதான் வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. கிரைண்டர்! இரண்டு ஆட்கள் கதவில் எட்டிப் பார்த்தார்கள். காலில் ஊசியோடு ஒருவன் மல்லாந்து படுத்து வெறுங்காற்றைக் கிண்டிக்கொண்டிருந்தான்.

"இதுக்குள்ளயா எறக்கணும்?"

"ஊசி நிக்கையில ஆளை அசைக்கக் கூடாது," என்றாள் பரிபூரணம், வழியை அடைத்து நின்று. "பொறவு வாங்க."

"அடுத்த லோடு இருக்கும்மா, பொறவெல்லாம் வர முடியாது."

எட்வின் அறையைப் பார்த்தார், ஆட்டோவைப் பார்த்தார். "அடுப்படிக்குப் பின்னால எறக்குங்கப்பா," என்றார். அங்கே தண்ணீர்க் குழாயும் இருக்கிறது, கழிவு போக வழியும் இருக்கிறது என்று யாரும் கேட்காமலே சொன்னார். தொழில் தெரிந்தவர் என்பதால் அவரே முன்னால் நின்று ஒரு பக்கம் தூக்கினார். கிரைண்டர் பத்திரமாக இறங்கியது. எட்வின்தான் குனிந்தவர் நிமிரவில்லை.

ஆட்டோ போயிற்று. பரிபூரணம் காலிலிருந்து ஊசியை எடுத்தாள். காளிராஜ் தோளைச் சுழற்றிப் பார்த்து, "பாதிக்குப் பாதி தேவலைக்கா" என்று எழுந்து உட்கார்ந்தான். அறை வாசலில் இடுப்பில் கைவைத்து, தரையைப் பார்த்தபடியே எட்வின் நின்றார்.

"என்னங்க?"

"ஒன்னுமில்ல. பிடிச்சுக்கிட்டு."

"காலு மரத்திருக்கா? வலி கீழ எறங்குதா?"

"இல்ல. இடுப்போட சரி." கட்டிலை ஓரக்கண்ணால் பார்த்தார். "எம்புட்டு நேரம் ஆவும்?"

காளிராஜ் கட்டிலை விட்டுக் குதித்து இறங்கினான். பரிபூரணம் விரிப்பைத் தட்டி மாற்றினாள். சிரிக்கவில்லை, அதற்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். எட்வின் மெல்லச் சாய்ந்து படுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கேட்காமலே நாக்கை நீட்டினார்.

பரிபூரணம் குனிந்து பார்த்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. மேசையைப் பார்த்தாள். பொட்டலம் பாதி காலி.

"எந்திரிங்க," என்றாள். "போய் வாயைக் கொப்பளிச்சுட்டு வாங்க."