'ஸ்டே' என்றால் எத்தனை நாள்?

கிளாஸ்கோவில் நான் வேலை பார்க்கும் வார்டுக்குப் போன மாதம் ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவு. ரோனி என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் காலையில் ரத்த அழுத்தம் பார்க்க அவர் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, "வேர் டு யூ ஸ்டே, ஹென்?" என்று கேட்டார். ஹென் என்றால் கோழி என்றுதான் எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தார்கள். இங்கே அது பெண்களைப் பிரியமாகக் கூப்பிடும் சொல் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல மாதம் ஆனது. கோழி பழகிவிட்டது. அந்த ஸ்டேதான் இன்னமும் என்னை ஒரு நொடி நிறுத்திவிடுகிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் குடியிருக்கும் இடத்தைக் கேட்க அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். பிறந்ததிலிருந்து ஒரே தெருவில் இருக்கும் ரோனியும் அந்தத் தெருவில் 'ஸ்டே' பண்ணுவதாகத்தான் சொல்வார். நான் என் தெருவின் பெயரைச் சொன்னேன். நல்ல இடம் என்று முனகிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான் பேச்சு. பட்டையில் காற்று இறங்கி முடியும்வரை நான் அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் கீரனூரிலும் நாங்கள் அப்படித்தான் கேட்போம். திருச்சிக்குப் போகும் காலை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரோடு குளத்தூர் தாண்டுவதற்குள் பழக்கமாகிவிடும். "நீங்க எங்க ஸ்டே பண்றீங்க?" என்பார்கள். சொந்த வீடா, வாடகையா, எத்தனை வருடமாக என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள் கிடையாது. இருக்கிற இடம் எது, அவ்வளவுதான். தமிழில் இருப்பது என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் எல்லாவற்றையும் ஒப்பேற்றிவிடுகிறோம். ஒரு மணி நேரம் டீக்கடையில் இருப்பதும் இருப்பதுதான். ஒரு வீட்டில் அறுபது வருடம் இருப்பதும் இருப்பதுதான்.

நான் முதலில் வந்து இறங்கியது இங்கிலாந்தின் தெற்கே ஒரு சின்ன ஊரில். வேலையில் சேர்ந்த வாரம் வார்டு சிஸ்டர் வீட்டைப் பற்றி விசாரித்தபோது, இன்ன தெருவில் ஸ்டே பண்ணுகிறேன் என்றேன். அவர் முகம் இரக்கத்தில் சுருங்கியது. இன்னும் வீடு கிடைக்கவில்லையா, எத்தனை நாள் அங்கே என்று கேட்டார். வீடுதான், ஒரு வருடத்துக்கு என்றேன். அவர் சிரித்துவிட்டு விளக்கினார். ஹோட்டலில் ஸ்டே பண்ணலாம், தோழி வீட்டில் இரண்டு நாள் ஸ்டே பண்ணலாம். வாடகை கட்டிக் குடியிருக்கும் இடத்தில் லிவ் பண்ண வேண்டும். அன்றைக்கே அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை. முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கற்றுக்கொடுத்தவர்.

"லிவ்வுன்னா உசுரோட இருக்கறதுல்ல? அதப் போயி எடத்துக்குச் சொல்றாங்களா?" என்றார்.

"ஸ்டேன்னா தப்பும்மா. விருந்தாளி மாதிரி ஆயிரும். இனிமே நீயும் லிவ்வுன்னு சொல்லிப் பழகு."

டீச்சரைத் திருத்துவதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை இருந்தது. அதை இப்போது மறைப்பதற்கில்லை.

அம்மா தயங்கியதற்கு வேறு காரணமும் உண்டு. எங்கள் பக்கத்தில் வாழ்வது என்ற சொல்லை இடத்துக்குச் சொல்ல மாட்டார்கள், கல்யாணத்துக்குத்தான் சொல்வார்கள். நான் கல்யாணமாகி மதுரைக்குப் போய் ஒன்றரை வருடத்தில் திரும்பி வந்தவள். அதற்குப் பின் அம்மாவும் நானும் கடைவீதிக்குப் போனால் யாராவது அம்மாவை ஓரமாக நிறுத்தி, "தேனு வாழலையா டீச்சர்?" என்று தணிந்த குரலில் கேட்பார்கள். நான் அங்கேதான் நின்றுகொண்டிருப்பேன். மூச்சு விடுவேன், ஆஸ்பத்திரி வேலைக்குப் போவேன், சம்பளம் வாங்குவேன். ஆனாலும் வாழவில்லை. ஒருமுறை அம்மா பதில் சொன்னார்: "எம்புட்டு நல்லா இருக்கா பாருங்க." வாழ்கிறாள் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். கூடப் பிறந்தவர்கள் எனக்கு இல்லை. நான் இங்கிலீஷ் பரீட்சை எழுதி, விமானம் ஏறியபோது அந்த வீட்டில் அம்மா ஒற்றை ஆளானார்.

கிளாஸ்கோவுக்கு மாற்றலாகி வந்து, ஒரு படுக்கையறை உள்ள வீடு பிடித்த பிறகு, அம்மாவை ஆறு மாத விசிட்டர் விசாவில் வரச் சொன்னேன். அவர் விமானம் மதியம் தரையிறங்கியது. ஒன்றரை மணி நேரம் ஆகியும் ஆளைக் காணவில்லை. அவரோடு வந்தவர்கள் எல்லோரும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நான் கையில் அம்மாவுக்காக வாங்கிய கனத்த கோட்டை வைத்துக்கொண்டு அந்தத் தடுப்புக் கம்பியருகே நின்றேன். பிறகு போன் வந்தது. குடியேற்றப் பிரிவிலிருந்து ஒரு பெண் அதிகாரி பேசினார். உங்கள் தாயார் இங்கே உங்களோடு வாழ வந்திருப்பதாகச் சொல்கிறார் என்றார்.

உள்ளே நடந்ததை அம்மா பின்னால் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். எங்கே ஸ்டே பண்ணப் போகிறீர்கள் என்று அந்த அதிகாரி கேட்டிருக்கிறார். அம்மா சிரித்துக்கொண்டே, வகுப்பில் பிள்ளைகளைத் திருத்துகிற மாதிரி, "நோ ஸ்டே, மேடம். லிவ். ஐ லிவ் வித் டாட்டர்" என்றிருக்கிறார். அதிகாரி உடனே அவரைத் தனியாக ஒரு அறையில் உட்கார வைத்து, போனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார். இலங்கைத் தமிழர், தன்மையான மனிதர். "அம்மா, மகளோட எவ்வளவு காலம் இருக்கப் போறீங்கள்?" என்று கேட்டாராம். எங்கள் ஊரில் யார் வீட்டிலும் போய் இத்தனை நாள் இருப்பேன் என்று நாமாகச் சொல்வது மரியாதை இல்லை. அம்மா அந்த வழக்கப்படியே சொல்லியிருக்கிறார்: "அவ எத்தன நாளு இருக்கச் சொல்றாளோ, அத்தன நாளு இருப்பேங்க." அதை அவர் அட்சரம் பிசகாமல் மொழிபெயர்த்துவிட்டார்.

அதிகாரி என்னைக் கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொன்னேன். ஊரில் சொந்த வீடு இருக்கிறது, பென்ஷன் வருகிறது, திரும்பிப் போக டிக்கெட் எடுத்திருக்கிறது. பயத்தில் என் குரல் உயர்ந்துவிட்டது. என் அம்மா என்னோடு வாழ வரவில்லை, வாழவும் மாட்டார், ஆறு மாதத்துக்குள் கட்டாயம் போய்விடுவார் என்று மூன்று தடவை சொன்னேன். அதிகாரி நன்றி சொல்லி வைத்துவிட்டார். அரை மணி நேரத்தில் அம்மா வெளியே வந்தார். நான் ஓடிப்போய்க் கோட்டைப் போர்த்தினேன். அம்மா அதற்குள் கையை நுழைத்துக்கொண்டே, "ஸ்பீக்கர்ல போட்டுருந்தாங்க. நீ பேசினதெல்லாம் கேட்டுச்சு. நல்லா கணீர்னு பேசின" என்றார்.

அம்மா இருந்த மாதங்கள் நல்லபடியாகவே போயின. எனக்கு டப்பாவில் சோறு கட்டிக்கொடுத்தார். எதிர்வீட்டுக் கிழவியிடம் தினம் இரண்டு வார்த்தை பேசினார். அந்த அம்மாளின் பேச்சு எனக்கே பாதிதான் புரியும். கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது நான்தான் அந்தப் பேச்சை எடுத்தேன்.

"அன்னிக்கு நான் சொல்லிக்கொடுத்ததாலதாம்மா ஒனக்கு அவ்வளவு சிக்கல். ஸ்டேன்னு சொல்லியிருந்தா அஞ்சு நிமிசத்துல விட்டுருப்பாங்க."

அம்மா மடிப்பதை நிறுத்தவில்லை. "ஒன்மேல தப்பில்லத்தா. அந்தப் பொண்ணு எதுக்குக் கேக்குதுன்னு எனக்கும் வெளங்காம இல்ல. மனசுல இருந்தது வாயில வந்துருச்சு."

"என்னம்மா சொல்ற?"

"எப்படியாச்சும் ஒங்கூட இருந்துறலாம்னுதான் வந்தேன். ஒங்கிட்ட கேக்கணும்னு நெனச்சிருந்தேன். அதுக்குள்ள நீ போன்ல சொல்லிட்ட."

பெற்றவர்களைக் கூட்டிவந்து நிரந்தரமாக வைத்துக்கொள்ள இந்த நாட்டில் வழி அநேகமாக இல்லை என்றேன். சட்டத்தைச் சொன்னேன், விதியைச் சொன்னேன், இங்கே வேலை பார்க்கும் நம் ஆட்கள் எல்லோருக்கும் இதே கதைதான் என்றேன். எல்லாம் உண்மை. அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அப்படியானால் நான் ஊருக்கு வந்துவிடுகிறேன் என்ற ஒரு வார்த்தையை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஊரில் கடைவீதியில் நின்று பதில் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. அது அம்மாவுக்குத் தெரியும். திங்கட்கிழமை அவரை விமானம் ஏற்றிவிட்டு வந்து கதவைத் திறந்தபோது, வீடு முழுக்க ரச வாசனை. ஜன்னலைத் திறக்க மனமில்லாமல் மூன்று நாள் அந்தப் புழுக்கத்திலேயே இருந்தேன்.

ஊருக்குப் போன அம்மா கீரனூர் வீட்டில் நிலைக்கவில்லை. அவரோடு வேலை பார்த்த ஸ்டெல்லா டீச்சர் புதுக்கோட்டையில் தனியாக இருந்தார். கணவர் இல்லை, மகன் வளைகுடாவில். காய்ச்சலில் கிடந்த அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரத்துக்கென்று போன அம்மா அங்கேயே இருந்துகொண்டார். போனில் கேட்டால், "இன்னும் ரெண்டு நாளு" என்பார். அந்த இரண்டு நாள் ஒரு வருடமானது.

இந்த முறை மூன்று வார விடுப்பில் போனபோது திருச்சியிலிருந்து நேராகப் புதுக்கோட்டைக்கே போனேன். வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு. உள்ளே மாதா படமும் முருகன் படமும் ஒரே அலமாரியில். மிளகு எந்த டப்பாவில், மாத்திரை எந்த இழுப்பறையில் என்று இருவருக்கும் பார்க்காமலே தெரிகிறது. குழம்பில் உப்பு கூடிவிட்டதென்று ஸ்டெல்லா டீச்சர் சொன்னார்; உப்பு போட்டது நீங்கள்தானே என்று அம்மா திருப்பினார். அம்மா அப்படிச் சண்டை பிடித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. கிளாஸ்கோவில் என்னோடு அவர் ஒருநாளும் சண்டை போட்டதில்லை.

மத்தியானம் மாடி வீட்டுப் பெண் தயிர் வாங்க வந்தவள் என்னைப் பார்த்து, "புதுசா இருக்காங்க, யாரு? இங்கிட்டுத்தான் இருக்கீங்களாக்கா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னார்:

"எம் மக. வெளிநாட்டுல இருக்கா. இங்க மூணு வாரம் ஸ்டே பண்ண வந்துருக்கா."

சொல்லில் ஒரு குத்தலும் இல்லை. உள்ளதைச் சரியாகச் சொல்லிவிட்ட டீச்சரின் குரல் அது. அந்தப் பெண் போனபின் அம்மா எழுந்து அலமாரியைத் திறந்து, விருந்தாளிகளுக்கென்று தனியே வைத்திருக்கும் துண்டுகளிலிருந்து ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். கடையில் ஒட்டிய விலைச்சீட்டு அதில் இன்னும் உரிக்கப்படாமல் இருந்தது. "மூஞ்சி கழுவிட்டு வா, சாப்பிடலாம். கூச்சப்படாத" என்றார். கொல்லைக் குழாயடியில் இரண்டு பழைய துண்டுகள் கொடியில் பக்கத்தில் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தன. நான் முகம் கழுவி, புதுத் துண்டால் துடைத்தேன். கஞ்சி போகாத துணி. தண்ணீரை வாங்காமல் முகத்தில் அங்குமிங்கும் தள்ளிக்கொண்டே இருந்தது. "ஆச்சாத்தா?" என்று உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டார். வந்துவிட்டேன் என்று குரல் கொடுத்துவிட்டு, ஈர முகத்தோடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.